மார்பகப் புற்றுநோய்: நோய் திரும்புமா, மருந்து கேட்குமா எனக் கட்டிக் குறிப்பான்களைக் கொண்டு அறியும் முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் ஒரு வீட்டில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், பார்க்க வரும் உறவினர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனாவது ஸ்டேஜுங்க?" கேள்வி தவறானதன்று. கட்டி எவ்வளவு பெரியது, அக்குளில் உள்ள நெறிகளுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) வந்திருக்கிறதா, நுரையீரல், கல்லீரல், எலும்பு ஆகியவற்றுக்குப் பரவியிருக்கிறதா என்பதை நிலை சொல்லிவிடும். ஆனால் ஒரே நிலையில் உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்குத் தினமும் விழுங்கும் ஒரு மாத்திரை பெரும் காவலாகவும், மற்றவருக்கு அதே மாத்திரை சிறிதும் பயன்படாததாகவும் இருப்பது ஏன் என்பதை நிலை சொல்லாது. அதைச் சொல்வது கட்டியின் செல்களில் இருக்கும் சில புரதங்களும் மரபணுக்களும்தான். இவற்றையே கட்டிக் குறிப்பான்கள் என்கிறோம்.

நான் மருத்துவர் அல்லேன். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கோயம்புத்தூருக்கு, என் பெரியம்மாவின் கோப்பைச் சுமந்துகொண்டு பல ஆண்டுகள் பேருந்தில் போய்வந்தவள். அந்தக் கோப்பில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டுக் கேட்டு, பிறகு படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சிகிச்சையை முடிவு செய்வது புற்றுநோய் மருத்துவரின் வேலை. அவர் முன் உட்காரும் சில நிமிடங்களில் எதைக் கேட்க வேண்டும் என்று குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

முதல் படி: சதைத் துண்டு சரியாகக் காக்கப்பட்டதா என்று பாருங்கள்

குறிப்பான்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அறிக்கையிலிருந்து தொடங்குவார்கள். நான் அதற்கும் முன்னால், கட்டியிலிருந்து எடுத்த சதை எந்தப் பாட்டிலில் எந்தத் திரவத்தில் எத்தனை நேரம் இருந்தது என்பதிலிருந்து தொடங்க விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாமே அங்கேதான் கைநழுவப் பார்த்தது.

பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி தெரிந்தபோது, பக்கத்து ஊர்ச் சிறு மருத்துவமனை ஒன்றில் ஊசிப் பயாப்சி எதுவும் செய்யாமல் நேரடியாகக் கட்டியை அகற்றிவிட்டார்கள். அகற்றிய கட்டியை நடுவில் கீறித் திறக்காமல் முழுதாக ஒரு சிறு பாட்டிலில் போட்டு, அது மூழ்கும் அளவுக்குக்கூடச் சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தை ஊற்றாமல் எங்கள் கையில் கொடுத்தார்கள். அது சனிக்கிழமை. திங்கட்கிழமைதான் கோயம்புத்தூர் ஆய்வகத்தில் சேர்த்தோம். அறிக்கையில் ஹார்மோன் ஏற்பி, அதாவது செல்லில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், 'நெகட்டிவ்' என்று வந்தது. அதைப் பார்த்த நோய்க்குறியியல் மருத்துவர் கையொப்பம் இடுவதற்கு முன் ஒரு குறிப்பு எழுதினார்: அதே சதைத் துண்டில் இருந்த இயல்பான பால்நாளங்களும் ஏற்பியைக் காட்டும் சாயத்தை ஏற்கவில்லை, எனவே இந்த முடிவை நம்ப இயலாது, அடுத்த அறுவையில் கிடைக்கும் சதையில் மறுபடி செய்க. இயல்பான பால்நாளச் செல்களில் எப்போதும் கொஞ்சம் ஏற்பி இருக்கும். அவையும் வெறுமையாகத் தெரிந்தால் பழுது சதையைப் பதப்படுத்தியதில் இருக்கிறது என்று பொருள். மறு அறுவையில் கிடைத்த துண்டில் அதே பரிசோதனை செய்தபோது 90 விழுக்காட்டுக்கும் மேலான புற்றுச் செல்கள் அடர்த்தியாகச் சாயம் ஏற்றன. அந்தக் குறிப்பை அவர் எழுதாமல் விட்டிருந்தால், பெரியம்மாவுக்கு மிகப் பொருத்தமான மருந்து அவருக்குக் கிடைக்காமலே போயிருக்கும்.

ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. அறுவைக்கு முன்பே தடித்த ஊசியால் சதை எடுக்கும் 'கோர் பயாப்சி' செய்யப்பட்டதா? மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் பரிசோதனை, குறிப்பான்களை நம்பகமாகப் பார்க்கப் பெரும்பாலும் போதாது. எடுத்த சதை 1 மணி நேரத்துக்குள் 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில் போடப்பட்டதா, அதில் குறைந்தது 6 மணி நேரமும் அதிகபட்சம் 72 மணி நேரமும் இருந்ததா? பெரிய கட்டியாக இருந்தால் திரவம் உள்ளே இறங்கும்படி கீறி வைக்கப்பட்டதா? இந்த அளவுகள் உலகெங்கும் ஆய்வகங்கள் பின்பற்றுபவை. நல்ல அறிக்கையில் இவை எழுதப்பட்டே இருக்கும்.

சதை பின்னர் மெழுகில் பதிக்கப்பட்டு ஒரு சிறு கட்டையாகும். ஆய்வகத்தார் அதை 'பிளாக்' என்பார்கள். எல்லாப் பரிசோதனைகளும் அதிலிருந்து சீவி எடுக்கும் மெல்லிய படலங்களில்தான் நடக்கின்றன. மருத்துவமனை மாறினாலும் புதிய பரிசோதனை தேவைப்பட்டாலும் அந்த பிளாக்தான் வேண்டும் என்பதால், அதன் எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் பக்கத்தில் நிலத்து மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மண்ணின் தன்மை எப்படி இருக்கிறது, விட்டுவிட்டால் விளைச்சல் என்னவாகும் என்பது ஒரு கேள்வி. எந்த உரத்தைப் போட்டால் அந்த மண் அதை எடுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு கேள்வி. புற்றுநோய்க் குறிப்பான்களிலும் இவ்விரண்டும் உண்டு. சிகிச்சை எதுவாயினும் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலா குறைவா என்று காட்டுவது முன்கணிப்புக் குறிப்பான். குறிப்பிட்ட ஒரு மருந்து இந்தக் கட்டியிடம் கேட்குமா என்று காட்டுவது பலன்கணிப்புக் குறிப்பான். சில குறிப்பான்கள் இரண்டையும் சொல்லும், சில ஒன்றை மட்டும் சொல்லும். 'இது கெட்ட வகை' என்று மருத்துவர் சொன்னால், 'அப்படியானால் இதற்கென்றே கேட்கும் மருந்து இருக்குதுங்களா?' என்று அடுத்துக் கேட்பது நம் கடமை. கெட்ட வகை என்று ஒரு காலத்தில் அஞ்சப்பட்ட, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகைக்குத்தான் இன்று மிக வலுவான மருந்துகள் இருக்கின்றன.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இந்தக் கணிப்புகள் யாவும் நூறு பேரில் எத்தனை பேருக்கு என்ற கணக்கு. 100க்கு 13 பேருக்கு நோய் திரும்பும் என்றால், நம் வீட்டுப் பெண் அந்த 13 பேரில் ஒருவரா, மற்ற 87 பேரில் ஒருவரா என்பதை எந்த ஆய்வகமும் சொல்லாது.

மூன்றாம் படி: ஹார்மோன் ஏற்பிகளைப் படியுங்கள்

அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர். என்று இருப்பவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரொஜெஸ்டிரோன் ஏற்பியும் ஆகும். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பான்மையானவை, ஏறத்தாழ 10இல் 7, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை என்று மேலை நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. இந்தியப் பெண்களிடம் இந்த விகிதம் அதைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. கட்டி வளர்வதற்கு உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனையே நம்பியிருக்கிறது என்பதுதான் 'பாசிட்டிவ்' என்பதன் பொருள். ஏற்பி என்ற சொல்லே இல்லாத 1896ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களின் மார்பகக் கட்டி சுருங்குவதைக் கண்டு எழுதினார். எல்லோருக்கும் சுருங்காமல் சிலருக்கு மட்டும் சுருங்கியது ஏன் என்பதற்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்த விடைதான் இன்று நம் கையில் உள்ள அறிக்கையில் ஒரு வரியாக இருக்கிறது.

வெறும் 'பாசிட்டிவ்' என்பதோடு நிற்க வேண்டாம். எத்தனை விழுக்காடு செல்கள், எவ்வளவு அடர்த்தியாக என்று பாருங்கள். 1 விழுக்காடு செல்கள் சாயம் ஏற்றாலே பாசிட்டிவ் என்று கொள்கிறார்கள். ஆனால் 1 முதல் 10 விழுக்காடு வரை உள்ளவற்றை 2020 முதல் 'குறைந்த பாசிட்டிவ்' எனத் தனியாகக் குறிக்கிறார்கள், ஏனென்றால் அவற்றில் பல, நடத்தையில் ஏற்பி இல்லாத கட்டிகளை ஒத்திருக்கின்றன. சில ஆய்வகங்கள் ஆல்ரெட் மதிப்பெண் தரும். அது 8க்கு இத்தனை என்று இருக்கும். செல்களின் விகிதத்துக்கு 5 வரையும் அடர்த்திக்கு 3 வரையும் கூட்டி வருவது அது.

ஏற்பி உள்ள கட்டிக்கு, மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு டமாக்ஸிஃபென், நின்ற பெண்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் அல்லது அனாஸ்ட்ரோசோல் என்று மாத்திரை தருவார்கள். 5 ஆண்டுகள் டமாக்ஸிஃபென் எடுத்தால், அந்த 5 ஆண்டுகளில் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகவும், முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். ஏற்பி இல்லாத கட்டிக்கு இந்தப் பலன் இல்லை. ஒரு குறிப்பான் எவ்வளவு தெளிவாக மருந்தின் பலனைப் பிரித்துக் காட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வகையைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்பி இல்லாத கட்டிகள் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடும். ஏற்பி உள்ள கட்டிகளோ முதலில் அமைதியாக இருந்து, 10 ஆண்டு, 15 ஆண்டு கழித்தும் திரும்பக்கூடும். ஐந்தாண்டு மாத்திரை முடித்து, அதுவரை நோய் திரும்பாதிருந்த 62,923 பெண்களின் விவரங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான தொகுப்பாய்வு இதை எண்களாகவே காட்டியது. 5ஆம் ஆண்டுக்கும் 20ஆம் ஆண்டுக்கும் இடையில் உடலின் வேறு இடத்தில் நோய் தோன்றும் வாய்ப்பு, கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து நெறிகளில் பரவாதவர்களுக்கு 13 விழுக்காடு. கட்டி 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை இருந்து, 4 முதல் 9 நெறிகளில் பரவியிருந்தவர்களுக்கு 41 விழுக்காடு. இந்தப் பெண்கள் பழைய கால மருந்துகளைப் பெற்றவர்கள் என்பதால் இன்றைய எண்கள் இதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். ஆனாலும் நெறிகளில் பரவியிருந்தவர்களுக்கு 5 ஆண்டுக்குப் பிறகும் மாத்திரையைத் தொடர மருத்துவர் சொல்வது ஏன் என்பது இதிலிருந்து புரியும்.

'அஞ்சு வருசம் ஆச்சு, நல்லாத்தானே இருக்கறேன், இனி எதுக்கு மாத்திரை' என்று பெரியம்மா ஒருமுறை நிறுத்திவிட்டார். மூட்டு வலியும் உடம்புச் சூடும் தாங்க முடியவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு மாற்று மாத்திரை இருக்கிறது என்பது மருத்துவரிடம் போன பிறகே தெரிந்தது. எவ்வளவு துல்லியமாகக் குறிப்பானைப் படித்தாலும், மாத்திரை விழுங்கப்படாமல் பெட்டியில் கிடந்தால் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும்.

மஞ்சள் விளையும் ஊர்க்காரர்கள் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் கர்க்யூமினைச் செறிவாக்கி மிளகுச் சாறும் சேர்த்து விற்கும் மாத்திரைகளை டமாக்ஸிஃபெனோடு எடுத்தால், இரத்தத்தில் அம்மருந்தின் செயல்படும் வடிவம் குறைவதாக நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2019இல் காட்டியது. மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின் ஆகியவையும் அம்மருந்து உடலில் மாறும் வழியைத் தடுப்பவை. வேறு எந்த மருந்து எடுத்தாலும் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்காம் படி: ஹெர்-2 என்ன என்று பாருங்கள், 2+ என்றால் அங்கே நிற்காதீர்கள்

ஹெர்-2 என்பது செல்லின் மேற்பரப்பில் இருந்து 'வளர்' என்று உள்ளே சேதி அனுப்பும் ஒரு புரதம். 17ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு பல படிகளாகப் பெருகிவிட்டால் செல் கட்டுக்கடங்காமல் வளரும். அவ்வாறு பெருகிய கட்டிகள் விரைவில் திரும்புகின்றன என்று 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் காட்டினார்கள். 1998இல் அதற்கெதிரான டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2014 முதல் அதன் ஒப்புருவான மருந்துகள் இந்தியாவிலேயே தயாராகி, விலையும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

அறிக்கையில் 0, 1+, 2+, 3+ என்று நான்கில் ஒன்று இருக்கும். 3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ என்றால் முடிவு தெரியவில்லை என்று மட்டுமே பொருள், அதை நெகட்டிவ் என்றோ பாசிட்டிவ் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போது அதே பிளாக்கில் மரபணுவின் படிகளை எண்ணும் 'ஃபிஷ்' பரிசோதனை செய்தாக வேண்டும். செலவைக் கருதி இதைத் தள்ளிப்போடும் குடும்பங்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்த ஒரு பரிசோதனை ஓராண்டுச் சிகிச்சையின் திசையையே தீர்மானிக்கிறது என்பதால், மற்றெதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் வழக்கமாக 3 வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஓராண்டு தரப்படும். இதயத்தின் வலுவை எக்கோ மூலம் தொடங்கும் முன்பும் இடையிடையேயும் பார்ப்பார்கள். 1+ அல்லது ஃபிஷ் நெகட்டிவான 2+ ஆகியவற்றை இப்போது 'ஹெர்-2 குறைவு' என்று குறிக்கிறார்கள். நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்ற மருந்து இவர்களுக்கும் பயன்படுகிறது என்று 2022இல் தெரியவந்ததே காரணம். எனவே பழைய அறிக்கையில் 'நெகட்டிவ்' என்று மட்டும் இருந்தால், 0வா 1+ஆ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கி-67, தரம்

கி-67 என்ற புரதம் எத்தனை விழுக்காடு செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டுகிறது. 5க்குக் கீழேயும் 30க்கு மேலேயும் இருந்தால் அது ஓரளவு தெளிவாகப் பேசும். நடுவில் உள்ள எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். 18 என்று ஒருவருக்கும் 22 என்று இன்னொருவருக்கும் வந்ததை வைத்து ஒப்பிட்டு வருந்த வேண்டாம். தரம் 1, 2, 3 என்பது நுண்ணோக்கியில் செல்களின் தோற்றம். 3 என்பது வேகமான வகை. இவையிரண்டும் முன்கணிப்புக்குத் துணை செய்யும், மருந்தைத் தேர்வதில் தனியாக முடிவு சொல்லா.

ஆறாம் படி: மருந்துக்குக் கட்டி எப்படி நடந்துகொண்டது என்பதையே குறிப்பானாகக் கொள்ளுங்கள்

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் இல்லாத கட்டியை 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்கிறார்கள். இதற்கும், ஹெர்-2 பாசிட்டிவ் கட்டிக்கும், 2 சென்டிமீட்டருக்கு மேலிருந்தாலோ நெறியில் பரவியிருந்தாலோ இப்போது அறுவைக்கு முன்பே மருந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. 'கட்டிய எடுக்காம ஊசி போட்டுட்டு இருக்கறாங்களே' என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவது இயல்பு. ஆனால் இதில் பெரும் நன்மை ஒன்று உண்டு. கட்டி உள்ளே இருக்கும்போதே மருந்து தந்தால்தான், மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியும். மருந்து முடிந்து அறுவை செய்த சதையிலும் நெறிகளிலும் ஊடுருவிய புற்றுச் செல் ஒன்றுகூட இல்லையென்றால், அதை முழுமையான நோயியல் மறைவு என்பார்கள். இந்த இரு வகைகளிலும் அப்படி மறைந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிகவும் குறைகிறது.

மிச்சம் இருந்தாலும் கதை முடிந்துவிடுவதில்லை, அடுத்த மருந்தைத் தேர்வதற்கு அதுவே வழிகாட்டும். ஹெர்-2 வகையில் மிச்சம் இருந்தவர்களுக்கு டிராஸ்டுசுமாபைத் தொடர்வதற்குப் பதிலாக டி-டி.எம்.1 என்ற இணைப்பு மருந்தைக் கொடுத்தபோது, 3 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 77 விழுக்காட்டிலிருந்து 88 விழுக்காடாக உயர்ந்ததாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. டிரிப்பிள் நெகட்டிவில் மிச்சம் இருந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் கேப்சிடபின் மாத்திரை கொடுத்ததில், 5 ஆண்டு முடிவில் அந்த எண்ணிக்கை 56இலிருந்து ஏறத்தாழ 70 ஆனது. ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வு அது. எனவே அறுவைக்குப் பின் வரும் அறிக்கையில் முதலில் தேட வேண்டிய சொல் 'மிச்சக் கட்டி'தான். மிச்சம் இருந்தால் அதிலும் ஏற்பிகளைத் திரும்பப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

ஏழாம் படி: பிராக்கா மரபணு, தாய்வழியும் தந்தைவழியும்

இது கட்டியைவிட உடல் முழுவதையும் சேர்ந்த குறிப்பான். பிராக்கா எனப்படும் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 எனும் மரபணுக்களில் பிறவியிலேயே பழுது இருக்கிறதா என்பதை இரத்தத்தில் பார்க்கிறார்கள். டிரிப்பிள் நெகட்டிவ் உள்ளவர்கள், இளம் வயதில் நோய் வந்தவர்கள், குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய பரிசோதனை இது. பழுது இருந்து, கட்டி ஹெர்-2 இல்லாததாகவும் நோய் திரும்பும் அபாயம் கூடுதலாகவும் இருந்தால், ஓலாபரிப் மாத்திரையை ஓராண்டு எடுப்பது பலன் தருகிறது என்று 2021இல் நிறுவப்பட்டது.

குடும்ப வரலாறு கேட்கும்போது நம் வழக்கத்தால் ஒரு பிழை நேர்கிறது. கூட்டம், குலதெய்வம் என்று நாம் உறவை எண்ணுவது தந்தைவழியில். ஆகவே 'உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சுங்களா?' என்று மருத்துவர் கேட்டால், சிலர் அப்பா பக்கத்தை மட்டும் நினைத்து 'இல்லீங்க' என்கிறார்கள். 'பெண்கள் நோய்தானே' என்று வேறு சிலர் அம்மா பக்கத்தை மட்டும் சொல்கிறார்கள். இந்தப் பழுது தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. அத்தைமார், அமுச்சி (அம்மாவின் அம்மா), சித்தி, பெரியம்மா, அவர்களின் மக்கள் என எல்லோரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கலியாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் இதைப் பேசவே தயங்குவதை நான் அறிவேன். பேசாமல் விட்டால் அந்தப் பெண்ணுக்கே முன்கூட்டி மார்பகப் பரிசோதனை செய்து காக்கும் வாய்ப்பு போய்விடுகிறது.

எட்டாம் படி: கீமோ தேவையா என்று சொல்லும் பன்மரபணுப் பரிசோதனைகள்

இவை எல்லோருக்கும் அல்ல. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத, நெறிகளில் பரவாத அல்லது 1 முதல் 3 நெறிகளில் மட்டும் பரவிய கட்டிகளுக்கே பொருந்தும். அவர்களிடம் எழும் கேள்வி, மாத்திரையோடு கீமோவும் சேர்க்க வேண்டுமா என்பது. ஆன்கோடைப் டி.எக்ஸ். என்ற பரிசோதனை 21 மரபணுக்களைப் பார்த்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. நெறிகளில் பரவாத பெண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2018இல் வெளியானது. மதிப்பெண் 11 முதல் 25 வரை உள்ளவர்களில் பெரும்பாலோர்க்குக் கீமோ கூடுதல் பலன் தரவில்லை என்றும், 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் 16 முதல் 25 வரை பெற்றவர்களுக்கு மட்டும் ஓரளவு பலன் உண்டு என்றும் அது காட்டியது. 1 முதல் 3 நெறிகளில் பரவி மதிப்பெண் 25 வரை உள்ளவர்களில், மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கீமோவால் பலனில்லை என்றும், நிற்காதவர்களுக்குப் பலன் உண்டு என்றும் பின்னர் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது.

இதற்கு பிளாக்கை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் செலவு பெரிது. பெங்களூருவில் உருவான கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் என்ற பரிசோதனை, 5 புரதங்களின் சாயப் பரிசோதனையோடு கட்டியின் அளவு, தரம், நெறிகளின் நிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஆனால் மேலே சொன்னவைபோல ஆயிரக்கணக்கான பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அதற்கு இல்லை. மருத்துவரிடம் இதை நேராகவே கேட்கலாம்: 'இந்த மதிப்பெண் எப்படி வந்தாலும் நீங்க சொல்லப்போற சிகிச்சை மாறுமுங்களா?' மாறாது என்றால் அந்தச் செலவு வேண்டாம். நிலத்தை அடமானம் வைத்து இதைச் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்களும், இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர் குடும்பத்தாரும், எந்தப் பரிசோதனை, எந்த மருந்து அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் படி: சிகிச்சை முடிந்தபின் இரத்தக் குறிப்பான்களிடம் என்ன கேட்கக் கூடாது

சி.ஏ. 15-3, சி.இ.ஏ. எனும் இரத்தப் பரிசோதனைகளை 'டியூமர் மார்க்கர்' என்று உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் சேர்த்து விற்கிறார்கள். சிகிச்சை முடித்து எந்தத் தொந்தரவும் இல்லாத பெண் மாதாமாதம் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்று எந்த முதன்மையான வழிகாட்டு நெறியும் சொல்லவில்லை. கல்லீரல் கோளாறு போன்ற வேறு காரணங்களாலும் சி.ஏ. 15-3 கூடும். நோய் திரும்பியிருந்தும் கூடாமலும் இருக்கும். நோய் பரவிய நிலையில் மருந்து வேலை செய்கிறதா என்று ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்கவே அது பயன்படும்.

முன்கூட்டிக் கண்டுபிடித்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இத்தாலியில் நடந்து 1994இல் வெளியான 2 ஆய்வுகளில், ஒவ்வொன்றிலும் 1,200க்கும் மேற்பட்ட பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எக்ஸ்-ரே, எலும்பு ஸ்கேன் போன்றவற்றை அடிக்கடி செய்தும், மறு பிரிவினருக்கு மருத்துவர் பார்ப்பதும் மார்பக எக்ஸ்-ரேயான மாமோகிராமும் மட்டும் செய்தும் பார்த்தார்கள். உயிர்பிழைத்தலில் வேறுபாடு இல்லை. இரத்தத்தில் மிதக்கும் புற்று டி.என்.ஏ.வைத் தேடும் புதிய பரிசோதனை நோயின் மறுவருகையை மாதக்கணக்கில் முன்பே காட்டக்கூடியது. ஆனால் அதைக் கொண்டு சிகிச்சையை மாற்றினால் ஆயுள் நீளும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது: முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த 2 ஆண்டுகள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவரைப் பார்ப்பது. ஆண்டுதோறும் மாமோகிராம். வாரக்கணக்கில் விடாத எலும்பு வலி, மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, வாந்தியோடு வரும் தலைவலி, தழும்பின் மேல் புதுக்கட்டி ஆகியவை தோன்றினால், அடுத்த தேதி வரை காத்திராமல் போவது.

பத்தாம் படி: நோய் திரும்பினால் மீண்டும் சதை எடுங்கள்

திரும்பிய கட்டி பழைய கட்டியின் அச்சாக இருக்க வேண்டியதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தது இல்லாமல் போகலாம், ஹெர்-2 இல்லாதது தோன்றலாம். எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் மறுபடி பயாப்சி செய்து மூன்று குறிப்பான்களையும் புதிதாகப் பார்க்க வேண்டும். ஏற்பி உள்ள வகையில் பி.ஐ.கே.3சி.ஏ. மரபணு மாற்றம் இருந்தால் அதற்கென ஆல்பெலிசிப் என்ற மருந்து இருக்கிறது. மாத்திரைக்கு அடங்காமல் வந்ததென்றால் இ.எஸ்.ஆர்.1 என்ற மரபணுவின் மாற்றத்தைத் தேடுவார்கள். டிரிப்பிள் நெகட்டிவ் என்றால் பி.டி.-எல்1 என்ற புரதத்தின் மதிப்பெண் 10ஐ எட்டுகிறதா என்று பார்த்து, எட்டினால் கீமோவோடு பெம்பிரோலிசுமாப் சேர்ப்பார்கள்.

இவற்றுள் சிலவற்றுக்குப் பழைய பிளாக்கே போதும். ஆய்வகங்கள் அதைக் குறிப்பிட்ட ஆண்டுகள்தான் வைத்திருக்கும் என்பதால், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று முதலிலேயே கேட்டு, அந்தக் காலம் முடியுமுன் எழுத்து மூலம் விண்ணப்பித்துத் திரும்பப் பெறுங்கள். வாங்கியதை வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், ஓட்டு வீட்டுப் பரணில் வைத்தால் சித்திரை வெயிலில் மெழுகு இளகிவிடும். பெரியம்மாவின் பிளாக் எங்கள் வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டில், எண் எழுதிய காகிதம் சுற்றி, இன்றும் இருக்கிறது.